என் கேமராவுக்கு மட்டும் அட்டென்ஷனில் நிற்கும் உன் அம்மா

போன மாதம் உன் நிச்சயதார்த்தத்தில் நான் பட்ட அவமானத்தை நீ யாரிடமும் சொல்லவில்லை என்று தெரியும். சொல்லியிருந்தால் உன் அம்மா இந்நேரம் அதை நம் ஜீவனஹள்ளி முழுக்கப் பால் பாக்கெட்டோடு சேர்த்து விநியோகம் செய்திருப்பாள். அதனால் நானே எழுதிவிடுகிறேன். மல்லேஸ்வரத்தில் சம்பந்தி வீட்டு ஹாலில், கலர் போட்டோக்காரரும் வீடியோக்காரரும் லைட்டைப் பிடித்து எல்லோரையும் வியர்க்க வைத்துக்கொண்டிருந்தபோது, நான் மட்டும் என் ரஷ்யக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓரமாகப் பெரிய மனுஷன் மாதிரி சுற்றினேன். இதில் ஃப்ளாஷ் இல்லையா என்று சுதாவின் பெரியப்பா கேட்டார். கறுப்பு வெள்ளைக்கு ஜன்னல் வெளிச்சம் போதும் என்று அவருக்கு ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். தட்டு மாற்றியதை எடுத்தேன். சுதா தலையைக் குனிந்தபடி உன்னை ஓரக்கண்ணால் பார்த்ததை எடுத்தேன். பெரியப்பாவையே இரண்டு கோணத்தில் எடுத்தேன். எடுக்க எடுக்க பிலிம் தீரவே இல்லை. மற்றவனுக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்கும். எனக்கு அன்று கை ராசி என்று தோன்றியது.

நீ மாப்பிள்ளைச் சட்டையோடு என் பக்கத்தில் வந்து நின்றாய். உன் கண் கேமராவின் இடது ஓரத்தில் இருக்கும் சின்னக் குமிழுக்குப் போனது. ஒவ்வொரு படத்துக்கும் பிலிமை நகர்த்தும்போது அந்தக் குமிழ் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் உள்ளே பிலிம் பல்லில் மாட்டவில்லை, எடுத்ததெல்லாம் காற்றுக்கு எடுத்தது என்று அர்த்தம். கேமராவைத் தொட்ட முதல் நாள் உனக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான். நீ முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. "அப்பா, ஒரு நிமிஷம் குடுங்க, எனக்கு ஒண்ணு எடுக்கணும்" என்று நீ கடன் கேட்பது மாதிரி வாங்கிக்கொண்டு உள் அறைக்குப் போனாய், பிலிமைச் சரியாக மாட்டிக் கொண்டுவந்து, சொன்னபடியே சுதாவை ஒரு படம் எடுத்துவிட்டு, என் கழுத்திலேயே போட்டாய். சுதாவின் பெரியப்பா இன்னும் தன் படங்களுக்காகக் காத்திருக்கிறார். உன்னை நானும் சில இடங்களில் காப்பாற்றியிருக்கிறேன். அதில் எதையும் இவ்வளவு நாசூக்காகச் செய்ததில்லை. ஊர் கேட்கும்படி திட்டிக்கொண்டே காப்பாற்றினேன். அன்றைக்கு எனக்கு உன்மேல் நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை.

அடுத்த வாரம் உனக்குக் கல்யாணம். அது முடிந்ததும் நீங்கள் இரண்டு பேரும் பம்பாய்க்கு ரயில் ஏறப் போகிறீர்கள். ஏதோ பத்திரிகையில் உனக்குப் படம் எடுக்கும் வேலை. நான் என் கைக்காசைப் போட்டுச் செய்ததை, மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு நீ செய்யப் போகிறாய், அதிலும் பொறாமைதான். ரயில் ஏறுகிற பிள்ளைக்கு அப்பன் புத்தி சொல்வது உலக வழக்கம் என்பதால் சில நாட்களாகப் பேனாவைக் கையில் வைத்து யோசித்துப் பார்த்தேன். எந்தப் புத்தியைத் தொட்டாலும் அது ஏற்கெனவே உன்னிடம் இருக்கிறது. என்னிடம்தான் இல்லை. ஆகவே இதைப் புத்திமதி என்று எடுத்துக்கொள்ளாதே. பொறாமைக்காரன் ஒருவன் தன் பொறாமையை வரிசையாக எடுத்து வெயிலில் காயப் போடுகிறான் என்று வைத்துக்கொள்.

நான் எப்படிப்பட்ட படக்காரன் என்று சுதாவுக்குத் தெரியாது. அவளும் இதைப் படிப்பாள் என்பதால் சொல்கிறேன். கம்பெனியில் எனக்குப் பேக்கிங் செக்‌ஷன், பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டாம் முறை தாண்டியவனுக்கு அதற்கு மேல் யாரும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் கேன்டீன் மாடியில் ஒரு கேமரா கிளப் நடந்தது. அங்கே இன்ஜினீயரும் நானும் ஒரே பெஞ்சு. கிளப்புக்கென்று ஒரு பக்தி உண்டு: படம் சுத்தமாக இருக்க வேண்டும். லால்பாக்கில் காலை வெயில் மரங்களுக்கு நடுவே கோடு கோடாக விழும். அந்தக் கோட்டுக்குள் ஒரு விவசாயி நடந்து போக வேண்டும். லால்பாக்கில் விவசாயிக்கு எங்கே போவது? விவேக் நகரிலிருந்து கிளப்புக்கு வரும் அந்தோணிக்கு ஒரு கம்பளியைப் போர்த்தி நடக்க விடுவோம். அந்தோணி எத்தனை படங்களில் ஏழை விவசாயியாகப் போயிருக்கிறான் என்று அவன் பெண்டாட்டிக்கே தெரியாது. ஒரு படத்தில் விவசாயி கட்டியிருந்த கைக்கடிகாரம் பளிச்சென்று விழுந்துவிட்டது. இருந்தும் அதற்கு ஆறுதல் பரிசாக ஒரு மரப் பலகை கிடைத்தது. அந்த மரப் பலகையை உன் அம்மா பரணுக்கு அனுப்பியது பிற்பாடு.

பாத்ரூம்தான் நம் வீட்டு இருட்டறை. ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம், ஒரு சின்னச் சிவப்பு பல்பு, குளியல் தொட்டிமேல் பலகை, பலகைமேல் படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர், கீழே மருந்துத் தண்ணீர் ஊற்றிய மூன்று தட்டு. நான் உள்ளே போய்த் தாழ் போட்டால் வீட்டில் யாருக்கும் வயிறு சரியில்லாமல் போகக் கூடாது. போகத்தான் செய்யும். "ஏங்க, போட்டோ அப்புறம் பொறக்கட்டும், மனுஷன் வெளிய நிக்கிறான்" என்று உன் அம்மா கதவைத் தட்டுவாள். குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் ஊரில், நான் பிரிண்டைக் கழுவவே அண்டா அண்டாவாகச் செலவழித்தேன் என்பது அவளுடைய நிரந்தர வழக்கு. உனக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெள்ளிக்கிழமை காலை, சுதா தலைக்கு ஊற்றிக்கொள்கிற நேரத்தில், எந்தக் காரணம் கொண்டும் பாத்ரூமை இருட்டறை ஆக்காதே. என்னிடம் உருப்படியாக உள்ள புத்திமதி இது ஒன்றுதான். ஆனாலும் அந்தச் சிவப்பு வெளிச்சத்தில், வெள்ளைக் காகிதத்தைத் தட்டில் போட்டு ஆட்டும்போது, ஒன்றும் இல்லாத இடத்தில் முதலில் ஒரு நிழல், பிறகு ஒரு கதவு, பிறகு ஒரு முகம் என்று மெல்ல வருமே, அதைப் பார்த்தவனுக்கு வேறு எந்தத் தமாஷும் பிடிக்காது. லேபிள் ஒட்டுகிறவன் அந்த அறைக்குள் போனால் கொஞ்ச நேரத்துக்குக் கடவுள். வெளியே வந்தால் திட்டு.

நீ ஒன்பதாவது படித்தபோது காவிரிக் கலாட்டா வந்தது. கம்பெனி பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, கடை இல்லை. நம் தெருவில் யாரும் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் தெருக்கோடியில் சத்தம் கேட்டால் உன் அம்மா ஓடிப்போய் ரேடியோவின் தமிழைக் குறைப்பாள். காலையில் பக்கத்து வீட்டுக் கௌரம்மா பின்பக்கச் சுவருக்கு மேலே சொம்பை நீட்டி, "ஹாலு தகொள்ளி" என்று கன்னடத்தில் சொல்லிப் பால் தருவாள். நான் கூண்டுக்குள் நடப்பது மாதிரி கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். கேமராவில் பிலிம் இருந்தது, எடுக்கத்தான் ஒன்றும் இல்லை. லால்பாக் இல்லை, வெயில் கோடு இல்லை, அந்தோணியும் அவன் கம்பளியும் விவேக் நகரில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் என்னடா இருக்கிறது எடுப்பதற்கு என்று சலித்துக்கொண்டு கேமராவை அலமாரியில் வைத்தேன். நான் எடுத்துக்கட்டுமா என்று நீ கேட்டாய். எடுத்துக்கோ என்றேன். நான் செய்த தாராளங்களில் எனக்கு அதிகம் வலித்தது இதுதான்.

அந்த நாட்களில் நீ எடுத்தவற்றைப் பிற்பாடு கழுவிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. கவிழ்த்து வைத்த டம்ளர்கள். உள்பக்கம் பூட்டிய கேட். வாயைத் திறந்துகொண்டு லுங்கியோடு தூங்கும் நான். சுவருக்கு மேலே வளையல் போட்ட ஒரு கை, கையில் ஒரு சொம்பு, ஆள் இல்லை. வெறும் கையை எடுத்து வைத்திருக்கிறானே என்று சொல்லிக்கொண்டே அந்த நெகட்டிவை என்லார்ஜரில் மாட்டினேன். பிரிண்டாகி வந்ததைச் சிவப்பு பல்புக்குப் பக்கத்தில் தூக்கிப் பார்த்தேன். அந்த நாட்களில் நாம் பட்ட பயமும் நமக்குக் கிடைத்த பாலும் அந்த ஒரு கையில் இருந்தன. கலரில் எடுத்திருந்தால் கண்ணாடி வளையலின் பச்சையைப் பார்த்துவிட்டுக் கண் நகர்ந்திருக்கும். கறுப்பு வெள்ளையில், சொம்பு கனமாக இருந்ததால் அவள் மணிக்கட்டு நரம்பு புடைத்திருந்ததுகூடத் தெரிந்தது.

அடுத்த நெகட்டிவ்தான் என் கதையை மாற்றியது. அவரைக்காய் சீசன் அல்லவா, அது. கௌரம்மா பின்வழியாக ஒரு கூடையோடு வந்து, உன் அம்மாவோடு முற்றத்தில் உட்கார்ந்து, ஊறவைத்த அவரையை விரலால் பிதுக்கிக்கொண்டிருந்தாள். உன் அம்மா அழுத்திய பருப்பு ஒன்று தோலை விட்டுப் பாய்ந்து கௌரம்மாவின் நெற்றியில் போய் ஒட்டியிருக்கிறது. நான் அப்போது உள்ளே செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன். நீ அங்கே இருந்தாய். தட்டில் காகிதத்தை ஆட்டினேன். முதலில் இருட்டான வாசற்படி வந்தது. பிறகு ஒரு பிளாஸ்டிக் வாளி. பிறகு கொடியில் என் ஓட்டை பனியன். பிறகு தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கண்ணை மூடி, ஈரத் தோல் ஒட்டிய கையை ஆகாயத்தில் தூக்கிச் சிரிக்கிற ஒரு பெண். யார் இவள் என்று நான் ஒரு கணம் நிஜமாகவே யோசித்தேன். கல்யாணமான நாளிலிருந்து பக்கத்தில் இருக்கிறேன். இவள் இப்படிச் சிரிப்பாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என் கேமரா, என் பிலிம், என் பெண்டாட்டி, என் பனியன். படம் மட்டும் உன்னுடையது. கதவைத் திறந்து உன்னிடம் நான் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அந்த வாளி இல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றேன்.

உன் அம்மாவுக்கு அந்தப் படம் உயிர். டி.வி.க்கு மேலே முருகனுக்குப் பக்கத்தில் அதை வைத்தாள். என் ஆறுதல் பரிசு பரணுக்குப் போனது அன்றுதான். கிளப்புக்கும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டச் சொல்லி என் உயிரை வாங்கினாள். கொண்டுபோனேன். என் மாட்டுவண்டிப் படத்தைப் பார்த்துச் செயலாளர் டோன் நன்றாக வந்திருக்கிறது என்றார். உன்னுடையதை ஜன்னல் பக்கம் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார், பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டார். டோன் நன்றாக வந்திருக்கிறது என்பது பெண் பார்க்கப் போய்விட்டுக் காபி நன்றாக இருந்தது என்று சொல்வது மாதிரி. எனக்கு அது அங்கேயே புரிந்தது. அந்தோணி படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தான். பிறகு எல்லோர் முன்னாலும் சொன்னான்: "ஏன்டா, இத்தன வருஷம் எனக்குக் கம்பளியப் போத்தி நடக்க வுட்டியே, வூட்ல இருக்கிற வாளியப் பாத்தியாடா நீ?" கிளப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் சிரிப்பு நின்றது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தோம். ஒரே கேமரா, ஒரே பிலிம். முதல் பாதி எனக்கு, மறு பாதி உனக்கு என்று ஒப்பந்தம். உன் வயதில் எனக்கு அப்படியோர் அப்பன் கிடைத்திருந்தால் என்று அப்போது பெருமையாக நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அதைவிட முட்டாள்தனமான ஒப்பந்தம் இருக்க முடியாதென்று. முழு பிலிமையும் சின்னச் சின்னப் படங்களாக ஒரே காகிதத்தில் பிரிண்ட் போட்டுப் பார்ப்போம் அல்லவா, அதில் மேல் வரிசைகள் என்னுடையவை, கீழ் வரிசைகள் உன்னுடையவை. எந்த இடத்தில் அப்பன் முடிந்து பிள்ளை ஆரம்பிக்கிறான் என்று கண்ணாடி போடாமலே சொல்லிவிடலாம். மேலே கோயில் கோபுரம், கோபுரம், மறுபடியும் கோபுரம், நடுவில் நான் காசு கொடுத்து நிற்க வைத்த ஒரு பூக்காரி. கீழே காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் கோஸ் மூட்டைமேல் குழந்தை மாதிரி சுருண்டு தூங்கும் ஒருவர். துணிமேல் கையால் தண்ணீர் தெளிக்கும் இஸ்திரிக்காரர். அந்தத் துளிகள் அப்படியே காற்றில் நின்றன. நின்றபடி காபி குடிக்கிற கடையில், எதிரே உள்ளவரின் முகத்தை மறைத்த ஆவி. ஊதுவத்தி காட்டுவதற்கு முன்னால் தன் ஆட்டோவின் முகத்தைப் பிள்ளைக்குத் துடைப்பது மாதிரி துடைக்கும் டிரைவர். நானும் அதே தெருவில், அதே வெயிலில், உனக்கு அரை மணி நேரம் முன்னால்தான் நடந்தேன். இவர்கள் எல்லோரும் அப்போது எங்கே ஒளிந்திருந்தார்கள்?

உன்னிடம் எனக்கு ரொம்பப் பொறாமையாக இருந்தது படத்தைப் பார்த்துக்கூட இல்லை, எடுக்கும்போது உனக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்துத்தான். நான் படம் எடுத்தால் பரீட்சை எழுதுகிறவன் மாதிரி இருப்பேன். வெளிச்சம் சரியா, கம்பம் தலைக்குப் பின்னால் முளைக்கிறதா, இதற்குச் செயலாளர் என்ன சொல்வார். நீ ஒரு படம் எடுத்துவிட்டு, மழைத் தூறலில் நனைந்த சட்டையோடு, யாரோ உனக்கு இனாமாக எதையோ கொடுத்துவிட்டுப் போனது மாதிரி தனியாகச் சிரித்துக்கொள்வாய். தினசரி பார்க்கிற அழுக்குத் தெருவில் கொடுப்பதற்கு அப்படி என்னதான் இருந்தது? கலரெல்லாம் கழுவிப் போய்விட்டால், நம் வீட்டு அலுமினியக் குண்டானும் மல்லேஸ்வரத்து வெள்ளிக் குடமும் ஒரே மாதிரிதான் மின்னுகின்றன என்பதை உன் படங்களில்தான் கண்டேன். அந்தச் சந்தோஷம் எனக்கும் வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அதற்குத் தெருவெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு படம் போதும் என்று முடிவு செய்தேன். உன் அம்மா, அந்த முகத்தோடு, என் பாதிப் பிலிமில்.

நான் பட்ட பாட்டை நீ அரைகுறையாகத்தான் அறிவாய். கேமராவை நான் தூக்கினால் போதும், உன் அம்மா செய்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்து, முந்தானையை இழுத்துச் சொருகி, முகத்தில் ஓர் இரங்கல் கூட்டத்தை வரவழைத்து, கையை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு அட்டென்ஷனில் நிற்பாள். கொடி ஏற்றுவதுதான் பாக்கி. உட்கார் என்றால் அட்டென்ஷனில் உட்காருவாள். சிரி என்றால் பல் டாக்டரிடம் காட்டுவது மாதிரி காட்டுவாள். ஒளிந்திருந்து எடுக்கலாம் என்று ஒருநாள் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் குந்தினேன். முட்டி பிடித்துக்கொண்டது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏங்க, பல்லி தேடுறீங்களா? அது சாமி படத்துக்குப் பின்னாடி இருக்குது" என்றாள். மார்க்கெட்டில் பத்தடி பின்னால் போய் எடுக்க முயன்றேன். யாரோ ஓர் ஆள் உங்களையே பார்த்துக்கொண்டு வருகிறான் என்று காய்கறிக்காரர் அவளை எச்சரித்தார். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, அது எங்க வீட்டு ஆள்தான், அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அரைக் கிலோ பீன்ஸ் வாங்கினாள். என் ரஷ்யக் கேமரா வேறு, அழுத்தினால் இரும்புக் கேட்டைச் சாத்துவது மாதிரி சத்தம் போடும். ஆனால் உனக்கும் அதே கேமராதானே. உனக்கு மட்டும் அந்தக் கேட் சத்தம் இல்லாமல் சாத்திக்கொண்டது.

வெட்கத்தை விட்டு உன்னிடமே கேட்டேன், எப்படிடா எடுக்கிறாய் என்று. பேசிக்கொண்டே எடுப்பேன் என்றாய். அது ஒரு பதிலா? நானும் பேசிக்கொண்டேதான் எடுக்கிறேன். நான் என்ன பேசுகிறேன் என்று உன் அம்மாதான் ஒருநாள் சொன்னாள். பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் கேமராவைத் தூக்கியதும் வழக்கம்போல எழுந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏன் எனக்கு மட்டும் இப்படி விறைக்கிறாய், உன் மகனுக்கு விறைக்கிறாயா என்று சத்தம் போட்டேன். அவள் கொஞ்சமும் கோபப்படாமல், மளிகைக் கணக்கு சொல்வது மாதிரி சொன்னாள்.

"நீங்க அந்தப் பொட்டிய தூக்கினாலே எங்கிட்ட ஏதோ சரியில்லன்னு ஆயிடுது. தலையச் சரிபண்ணு, கொஞ்சம் நவுரு, பின்னாடி வாளிய எடு, அந்தத் துணிய எடு. எல்லாத்தையும் எடுத்துட்டு நான் மட்டும் நின்னா எனக்கே நான் யாருன்னு தெரியல. அவன் தூக்கினா நான் பாட்டுக்கு இருப்பேன். அவனுக்கு நான் இருக்குறது போதும்."

சொல்லிவிட்டுப் பூண்டை உரித்தாள். யோசித்துப் பார்த்தால், கேமரா இல்லாத நேரத்திலும் நான் அதையேதான் செய்துகொண்டிருந்திருக்கிறேன். குழம்பில் கொஞ்சம் புளி, கோலத்தில் கொஞ்சம் கோணல், பேச்சில் கொஞ்சம் சத்தம், நவுரு, எடு, சரிபண்ணு. லேபிள் ஒட்டுகிறவனுக்குப் பெட்டி நேராக இருக்க வேண்டும் என்கிற புத்தி. வீட்டுக்கு வந்தும் அது போகவில்லை. கெட்டவனாக இருந்தேன் என்று சொல்லமாட்டேன். ஒரு நாளும் கை நீட்டியதில்லை, சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொடுத்திருக்கிறேன், அவளுக்குக் காய்ச்சல் என்றால் ரசம் மாதிரி ஒன்றை வைத்துக் கொடுத்து அவள் சீக்கிரம் எழுந்துகொள்ளும்படி செய்திருக்கிறேன். ஆனால் தான் இருக்கிறது போதும் என்று ஒருநாளாவது அவளுக்குத் தோன்றும்படி நான் பார்த்திருக்கிறேனா என்று கேட்டால், சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நீ பார்த்திருக்கிறாய். பெற்றவள் என்பதால் உனக்குச் சுலபம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பிறகு நிச்சயத்தில் சுதாவைப் பார்த்தேன். ஊரே அவளைப் பார்க்க, பட்டுப்புடவைக்குள் மூச்சு முட்ட உட்கார்ந்திருந்த பெண், நீ கேமராவைத் தூக்கியதும் மட்டும் தோளை இறக்கி வசதியாக உட்கார்ந்தாள். பழகி இரண்டு மாதம் ஆகியிருக்குமா? எனக்கு வயிறு எரிந்தது, தம்பி. அந்த வயிற்றெரிச்சலை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொள். இப்படியே அவளைப் பார்த்துக்கொண்டிரு. பம்பாயில் உனக்குப் பெரிய பெரிய ஆட்களைப் படம் எடுக்கும் வேலை வரும். அவர்களெல்லாம் தலையைச் சரிபண்ணிக்கொண்டுதான் உட்காருவார்கள். வீட்டுக்கு வந்தால் வாளியை எடுக்கச் சொல்லாதே. ஒருநாள் வேலை அலுப்பில் உன் வாயிலும் அது வரும், என் பிள்ளைதானே நீ. வந்தால் நாக்கைக் கடித்துக்கொள்.

போன ஞாயிறு நீ அல்சூர் பக்கம் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போயிருந்தாய். மதியச் சாப்பாடு முடிந்தது. உன் அம்மா பின்வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, நீ விட்டுவிட்டுப் போகிற பழைய சட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பித்தானைத் தனியாக வெட்டிக் கிண்ணத்தில் போடுவாள், பிறகு சட்டையைச் சர்ரென்று கிழித்துக் கைப்பிடித் துணியாக மடிப்பாள். காலேஜுக்குப் போட்டுப் போவாயே, அந்தக் கட்டம் போட்ட சட்டையை மட்டும் கிழிக்காமல் மடியில் வைத்திருந்தாள். தை மாதத்து வெயில் வாசற்படி வழியாகச் சாய்ந்து வந்து அவள் பாதி முகத்தில் விழுந்தது. நான் நாற்காலியில் கேமராவோடு உட்கார்ந்திருந்தேன்; லென்ஸைத் துடைப்பதாகப் பேர். அவள் பேச ஆரம்பித்தாள். பம்பாயில் அரிசி எப்படி இருக்கும், நீ காலையில் எழுப்பினால் எழுந்திருக்கமாட்டாயே, அதைச் சுதாவிடம் யார் சொல்வது, உன் கால் ஆணிக்கு என்ன போடுவது. நான் உம் கொட்டினேன். நவுரு என்று சொல்லவில்லை. எதையும் எடு என்றும் சொல்லவில்லை. உம் கொட்டிக்கொண்டே கேமராவை மெல்லக் கண்ணுக்குக் கொண்டுபோனேன். அவள் எழுந்திருக்கவில்லை. முந்தானையை இழுக்கவில்லை. கேமரா இருப்பதே அவளுக்குத் தெரியவில்லையோ, தெரிந்தும் விட்டுவிட்டாளோ. கண்ணாடிக்குள் அவள் முகம் அப்படியே இருந்தது. சிரிப்பு இல்லை, ஆனால் உன் படங்களில் இருக்கிற அதே முகம். நான் இத்தனை காலம் பொறாமைப்பட்ட முகம். விரலை மட்டும் அழுத்தினால் போதும்.

அப்போது அவள் சட்டையின் காலரைத் தடவிக்கொண்டே, என்னிடம் இல்லை, அந்தச் சட்டையிடம் சொல்வது மாதிரி கேட்டாள்.

"இவன் போயிட்டா என்னைய யாரு போட்டோ எடுக்கப் போறாங்க?"

கேமரா என் கண்ணில் இருக்கிறது. மூன்றடி தூரம். அவள் வேண்டுமென்று குத்திக் கேட்கவில்லை, அதுதான் விஷயம். நிஜமாகவே யோசித்துப் பார்த்து, ஒருவரும் இல்லை என்று கண்டு கேட்டாள். எனக்கு விரல் அசையவில்லை. அந்த முகம் உனக்காக வந்த முகம், அதை நான் எப்படி எடுப்பது? கேமராவை மடியில் இறக்கினேன். ஏதாவது சொல்லியாக வேண்டும். "இந்த வயசுல போட்டோ என்னாத்துக்கு, போய்க் காபி போடு" என்றேன். அவள் கட்டம் போட்ட சட்டையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. நான் அந்த வாசற்படி வெயிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காபி வந்தது, குடித்தேன், சர்க்கரை கொஞ்சம் கம்மி, அதைக்கூடச் சொல்லவில்லை. அவள் கேட்டபோது வாய் வரைக்கும் வந்து, வெளியே வராமல் போனதை உனக்கு எழுதுகிறேன். நான் எடுக்குறேன். எழுந்திருக்காதே, எதையும் சரிபண்ணாதே, அப்படியே இரு, நான் எடுக்குறேன்.